அடுகோடியில் நான் தொலைந்து போகவில்லை

ஆஸ்டின் டவுன், பெங்களூரு.
ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து இட்லி சாப்பிட்ட பிறகு.

மதிப்பும் மரியாதையும் மிகுந்த மைசூர் சம்பந்தி ரங்கா அவர்களின் சமூகத்துக்கு, சுபேதார் (ஓய்வு) டொமினிக் சல்யூட் அடித்து எழுதுவது. மாதாவின் தயவில் நானும் என் வீட்டுக்காரி பவுலினும் இங்கே நலம். உங்கள் பெருமாளின் தயவில் தாங்களும் பாகீரதி அம்மாளும் அங்கே நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பாகீரதி அம்மாளின் முழங்காலுக்காக இன்று காலை ஒரு மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறது. சாமி வேறாக இருந்தாலும் முழங்கால் ஒன்றுதானே. இந்தக் கடிதத்தின் கையெழுத்து பவுலினுடையது, கருத்து முழுக்க என்னுடையது. இரண்டு கண்ணிலும் புரை விழுந்து எழுத்தெல்லாம் எறும்பு ஊர்வது மாதிரி தெரிவதால், நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் எழுதுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் பிள்ளைகள் ராம்கியும் ஆஞ்சலாவும் ஆரம்பித்து வைத்திருக்கும் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போன மாதம் தாங்கள் ஒரு செய்தி போட்டீர்கள். "சம்பந்தி அடுகோடியில் பத்திரமாகக் கண்டெடுக்கப்பட்டார்." கூடவே கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் மூஞ்சி, அதுவும் வரிசையாக. கண்டெடுக்க நான் என்ன பஸ்ஸில் விட்ட குடையா சம்பந்தி? என் மருமகன் ராம்கி அதற்குக் கட்டை விரல் காட்டியிருக்கிறான். பெத்த பொண்ணு ஆஞ்சலாவும் சிரிச்சிருக்கா. வாட்ஸ்அப்பில் வந்த அவமானத்துக்கு வாட்ஸ்அப்பிலேயே பதில் போடுவது எனக்குப் பழக்கமில்லை. அதனால்தான் தபால் தலை ஒட்டி எழுதுகிறேன். நான் ராணுவத்தில் பாலம் கட்டுகிற சப்பர் படையில் இருந்தவன். ரோடு இல்லாத இடத்தில் ரோடு போட்டு, ஆறு குறுக்கே வந்தால் அதுக்கு மேல பாலம் போட்டு, பின்னாடி வர்ற பட்டாளத்துக்கே வழி காட்டினவன். சப்பர்காரன் தொலைய மாட்டான். அன்று நடந்தது தொடர்பு தற்காலிகமாக அறுந்தது, அவ்வளவே. (பவுலின் பேனாவை வைத்துவிட்டுச் சிரிக்கிறாள். எழுதும்மா, எழுது.)

இதற்கெல்லாம் மூல காரணம் யார் தெரியுமா? தாங்கள்தான். போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது, ரோஸ் குக்கியைக் கடிச்சுக்கிட்டே, "ஆஸ்பத்திரிக்குப் போய்வர்ற செலவைத் திருப்பிக் கேக்கலாமே, ரிட்டயர்டு பட்டாளத்துக்காரங்களுக்கு உண்டே, ஏன் விடறீங்க?" என்று கேட்டது யாரு? கணக்கு ஆபீஸில் உட்கார்ந்து காலம் பூரா அடுத்தவன் பில்லை நிறுத்தி வைத்த மனுஷர், ஒருத்தரைப் பார்த்து பில் போடு என்று சொன்னால் அது சும்மா இருக்குமா? காசுக்காக இல்லை சம்பந்தி, காசு என்ன பெரிய காசு, பஸ் டிக்கெட்தானே. இது மரியாதை. கூப்பிட்ட இடத்துக்குப் போனோம், போன பாதைக்கு சர்க்கார் பொறுப்பு. சர்வீஸில் இருந்த காலத்தில் மூவ்மென்ட் ஆர்டர் இல்லாமல் நான் கேட்டுக்கு வெளியே ஒரு அடி எடுத்து வைத்தது கிடையாது. எங்கே போறே, எதுக்குப் போறே, எப்போ திரும்புவே, எல்லாம் அதில் இருக்கும். அந்தப் பழக்கத்தில் கண் ஆஸ்பத்திரிக்குப் போகவும் எனக்கு நானே ஒரு மூவ்மென்ட் ஆர்டர் எழுதி, ரிட்டயர்டு பட்டாளத்துக்காரர்களுக்கான எங்கள் பாலிகிளினிக்கில் கவுன்டரில் இருக்கிற சஹானாவிடம் சீல் கேட்டேன். சின்னப் பொண்ணு, கன்னடக்காரி, தமிழ் நல்லா பேசுவா. "இதுக்கெல்லாம் சீல் வேண்டாம் சாப்" என்றாள். நான் நகரவில்லை. பின்னால் வரிசை நீண்டது. குத்திக் கொடுத்தாள்.

ஆனால் கூடவே கிளினிக் டாக்டரம்மா ஒரு சர்டிபிகேட் நீட்டினார். அதில் என்ன எழுதியிருந்தது என்று சஹானா வாசித்தாள். "நோயாளி தனியாகப் பயணம் செய்ய இயலாதவர், துணைக்கு ஆள் அவசியம்." எனக்கு வந்ததே கோபம்! யாரு இயலாதவன்? பெய்லி பாலத்துத் துண்டைத் தோளில் தூக்கிக்கொண்டு பனிக்கட்டி மாதிரி தண்ணியில் இடுப்பளவு இறங்கி நின்ற தோள் இது. எங்கள் படையில் ஒருத்தன் துணையோடு போகிறான் என்றால், ஒன்று அவன் கைதி, இல்லை புத்தி கலங்கினவன். நான் ரெண்டும் இல்லையே! சர்டிபிகேட்டை அங்கேயே மேஜையில் வைத்து, "டாக்டரம்மா, இது வேற யாருதோ" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். டாக்டரம்மா பவுலினை மட்டும் தனியாகக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். என்னவென்று நான் கேட்கவில்லை, பொம்பளைங்க விஷயம் இருக்கும்.

அப்படித்தான் போன மாதம் ஓசூர் ரோடு பக்கம் இருக்கிற கண் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டேன். நான் தனியாகத்தான் போனேன். பவுலின் அதே நாளில் அதே பஸ்ஸில் அதே ஆஸ்பத்திரிக்கு வந்தாள், அவ்வளவுதான். நேவி ப்ளூ பிளேசர், பாலிஷ் போட்ட ஷூ, நெஞ்சில் மெடல். கண்ணைத்தானே பார்க்கப் போகிறார்கள், மெடல் எதுக்கு என்றாள். கண்ணைப் பார்க்கிறவர் கண்ணில் அது படட்டுமே என்றேன். நம்ம ஊரு பஸ்ஸில்தான் பொம்பளைங்க முன்னாடி, ஆம்பளைங்க பின்னாடி. அவள் ஆதார் கார்டைக் காட்டி அந்த இலவச டிக்கெட்டை வாங்கினாள். கர்நாடகத்தில் பெண்களுக்கு இப்போது பஸ்ஸில் பூஜ்யம் ரூபாய்க்கு டிக்கெட் கிழித்துக் கொடுக்கிறார்கள், மைசூரில் பாகீரதி அம்மாளும் அதில்தானே கோயில் கோயிலாகச் சுற்றுகிறார். நான் காசு கொடுத்து வாங்கினேன். போகும்போது ஒரு குறையும் இல்லை. ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டார்கள், விட்டார்கள், விட்டுக்கொண்டே இருந்தார்கள். கண்ணுக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "ஆபரேஷன் பண்ணியாகணும், துணைக்கு ஆள்னு சர்டிபிகேட் கொண்டாங்க, தேதி தர்றோம்" என்றார்கள். மறுபடியும் அதே பேச்சு! தேதியும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன்.

சொட்டு மருந்து விட்ட கண் எப்படி இருக்கும் தெரியுமா சம்பந்தி, வெளியே வெயில் வெள்ளையாகக் கொட்டுகிறது, மனுஷங்க எல்லாம் வெறும் கலர். பவுலின் அன்றைக்கு நீலச் சேலை. திரும்பும் பஸ்ஸில் செம கூட்டம். நான் பின்னால் நின்றபடி முன்னால் இருந்த நீலத்தை மட்டும் குறி வைத்துக்கொண்டே வந்தேன். அடுகோடியில் நீலம் இறங்கியது. நானும் இறங்கினேன். நீலம் நடந்தது, நானும் நடந்தேன். நீலம் ஒரு சந்தில் திரும்பியது, நானும் திரும்பினேன். இவள் என்ன இந்தப் பக்கம் போகிறாள், மீன் வாங்கவா என்று நினைக்கும்போதே நீலம் சட்டென்று நின்று, "யாருரீ நீவு? யாக்ரீ நன் ஹிந்தே பர்த்தா இதீரா?" என்று எதுக்கு என் பின்னாலயே வர்றே என்கிற மாதிரி கன்னடத்தில் கத்தியது. குரல் பவுலின் குரல் இல்லை. ஐயோ ஆண்டவரே! நான் உடனே அட்டென்ஷனில் நின்று சல்யூட் அடித்து, "நன் ஹெண்டதி அந்த்கொண்டே" என்றேன். என் பெண்டாட்டின்னு நினைச்சேன் என்று அர்த்தம். உண்மைதான் சொன்னேன். ஆனால் சந்துக்குள் நின்று ஒரு ஊர் பேர் தெரியாத அம்மாவிடம் சொல்லத் தக்க உண்மை அது இல்லை என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது. பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் வெல்டிங் நின்றது. ஸ்பேனரோடு ரெண்டு பேர் வெளியே வந்தார்கள். மெடல்தான் சம்பந்தி காப்பாற்றியது. "மிலிட்ரி தாத்தா பா, விடு" என்று உள்ளே போய்விட்டார்கள். மெடல் எதுக்கு என்று கேட்டவள் இதைக் கவனித்து எழுதவும்.

அதற்கப்புறம் நான் செய்தது பட்டாளத்து முறை. தொடர்பு அறுந்தால் இருக்கிற இடத்தை விட்டு நகரக் கூடாது. பஸ் ஸ்டாப்புக்குத் திரும்பி வந்து, அந்த இடத்தைப் பிடித்து வைத்தேன். வெயிலில், ஷூ பளபளக்க, அசையாமல் அட்டென்ஷனில். பவுலின் அதற்குள் பஸ்ஸிலேயே நம்ம ஆஸ்டின் டவுன் ஸ்டாப் வரைக்கும் போய்விட்டாள். எதிர்ப் பக்கம் இன்னொரு பஸ்ஸைப் பிடித்து அடுகோடிக்கு வந்தாள். வந்தவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. "எப்படிக் கண்டுபிடிச்சே?" என்றேன். "எனக்குத் தெரியாதா உங்களை" என்றாள். பார்த்தீர்களா? நான் நகர மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். இதுக்குப் பேரா தொலைந்து போனது?

இப்போது பில் கதை. மறுவாரம் எல்லா டிக்கெட்டையும் பேப்பரில் வரிசையாக ஒட்டி, பவுலினையும் கூட்டிக்கொண்டு பாலிகிளினிக்குக்குப் போனேன். சஹானா என் டிக்கெட்டை எடுத்துக்கொண்டாள். பவுலின் டிக்கெட்டையெல்லாம் பிரித்து என்னிடமே தள்ளினாள். "மேடம் டிக்கெட் பூஜ்யம் சாப், இதுக்கு எதுக்கு ஒரு லைன்? அதுவும் இல்லாம துணைக்கு ஆள்னு சர்டிபிகேட் நீங்கதான் வேண்டாம்னுட்டீங்க. பேப்பர்படி மேடம் வரவே இல்ல." நான் சரி என்று தலையை ஆட்டப் போனேன். பக்கத்தில் நின்ற பவுலின் மெதுவாக ஒன்று சொன்னாள். "அப்பவும் நான் வந்ததை யாரும் எழுதலையே." அவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சம்பந்தி, இது உங்களுக்குத் தெரியாத கதை. (எழுத மாட்டேன் என்கிறாள். எழுதுடி. இது என் கடிதம்.) ஆஞ்சலா கைக்குழந்தையா இருந்தப்ப, நான் வடகிழக்கில் ஒரு வெள்ளத்தில் பாலம் கட்டிக்கொண்டிருந்தேன். பாலம் அடித்துக்கொண்டு போயிற்று, ஆட்கள் சிலரைக் காணோம் என்று இங்கே பேச்சு வந்திருக்கிறது. நான் கரையில் பத்திரமாகத்தான் இருந்தேன், தகவல் சொல்லத்தான் வழியில்லை. இவள் இங்கே ஜீவனஹள்ளியில் அம்மா வீட்டில் இருந்தவள், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தினமும் இந்த ஊரிலேயே இருக்கிற எங்கள் படையின் கேட்டுக்கு நடந்து வந்து நின்றிருக்கிறாள். என் வீட்டுக்காரர் எங்கே, என் வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டிருக்கிறாள். காவலுக்கு நின்ற சென்ட்ரி மேல் தப்பில்லை, அவனுக்கு ஆர்டர் கிடையாது. உள்ளே விடவில்லை, அதனால் எந்த ரிஜிஸ்டரிலும் பேர் ஏறவில்லை. நான் திரும்பி வந்த பிறகு எனக்கு மெடல் கொடுத்தார்கள், பேப்பரில் என் பேரை அச்சடித்தார்கள். இவள் நின்றது எங்கேயும் எழுதப்படவில்லை. கவுன்டரில் அந்த ஒரு வரி சொல்லும் வரை அவள் அதைப் பற்றி ஒரு நாளும் பேசினதில்லை. அக்கம்பக்கத்தார் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். கவுன்டரில் நின்றுகொண்டு அது ஞாபகம் வந்ததும் ஆட்டப் போன தலையை நிறுத்திக்கொண்டேன்.

சஹானாவிடம் சொன்னேன்: "டிக்கெட்தான் பூஜ்யம், அவ வந்தது பூஜ்யம் இல்ல. எழுதும்மா." நேராக டாக்டரம்மா அறைக்குப் போனேன். "அந்தச் சர்டிபிகேட்டைக் குடுங்க. டொமினிக் தனியாகப் பயணம் செய்ய இயலாதவன்னு பெரிசாவே எழுதுங்க. துணைன்னு போட்டு பவுலின்னு முழுப் பேரா எழுதுங்க." டாக்டரம்மா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்தால் சஹானா அடுத்த கேள்வி. "மேடம் ஆஸ்டின் டவுன்ல இருந்து அடுகோடிக்குத் தனியா ஒரு பஸ் ஏறியிருக்காங்களே, அது என்ன பயணம்? நோக்கம் எழுதணும்." "தொடர்பை மீண்டும் ஏற்படுத்த" என்று எழுதச் சொன்னேன். பவுலின் குறுக்கே, "இவரைத் தேடிப் போனேம்மா" என்றாள். அந்தப் பொண்ணு இவள் சொன்னதையே டைப் அடித்துவிட்டது.

நேற்று பதில் வந்துவிட்டது. பவுலின்தான் வாசித்துக் காட்டினாள். என் பயணம்: காரணமின்றி அடுகோடியில் இறங்கி, ஒரே பாதையில் இருமுறை டிக்கெட் வாங்கியிருப்பதால் ஏற்பதற்கில்லை. மொத்தமும் தள்ளுபடி. அடுத்த வரி: துணையாக வந்தவர் பவுலின். பயணத்தின் நோக்கம், கணவரைத் தேடி. ஏற்கப்பட்டது. தொகை, பூஜ்யம். கீழே கையெழுத்து, முத்திரை. சம்பந்தி! என் பில் போச்சு, அவ பில் முழுசா பாஸ்! நீங்க காலம் பூரா எத்தனையோ பில் பார்த்திருப்பீங்க, இப்படி ஒரு பில் உங்க கையில் வந்திருக்கா? என் மெடலை வாங்கின அன்றைக்குக்கூட நான் இப்படி நெஞ்சை நிமிர்த்தி நடக்கவில்லை. பூசையில் இன்றைக்குப் பங்குத்தந்தையிடமும் காட்டியாயிற்று. அவர் கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு, இதுல பணமே இல்லையே என்றார். அவருக்கு எங்கே புரியப் போகிறது, சம்சாரம் இல்லாத மனுஷர்.

ஆகவே தாங்கள் அறிய வேண்டியது: நான் தொலையவில்லை. தேடப்பட்டேன். இரண்டும் வேறு வேறு. சர்டிபிகேட் கையில் வந்துவிட்டதால் போகட்டும் என்று ஆபரேஷனுக்கும் சம்மதித்துவிட்டேன், வரும் வியாழக்கிழமை. தாங்கள் காரை எடுத்துக்கொண்டு மைசூரிலிருந்து ஓடி வர வேண்டாம். சர்க்கார் அங்கீகரித்த துணை எனக்கு இருக்கிறது, நாங்கள் பஸ்ஸிலேயே போய்வருவோம். குரூப்பில் போட்ட அந்த மஞ்சள் மூஞ்சிகளை மட்டும் தயவுசெய்து வாபஸ் வாங்கிக்கொள்ளவும்.

பாகீரதி அம்மாளுக்கு என் வணக்கம். ராம்கியும் ஆஞ்சலாவும் அங்கே வந்தால் கட்டை விரலை அடக்கி வைக்கச் சொல்லி என் ஆசீர்வாதத்தையும் சொல்லவும். உங்கள் வீட்டில் அரிசியும் சிரிப்பும் குறையாமல் இருக்க ஆண்டவரை வேண்டும்,

தங்கள் அன்புள்ள சம்பந்தி,
சுபேதார் (ஓய்வு) டொமினிக்

பின்குறிப்பு: ரங்கா அண்ணா, நான் பவுலின். இவரு அந்தப் பேப்பரைத் தூக்கிட்டுப் பக்கத்து வீட்டு பெருமாள்சாமிகிட்ட காட்டப் போயிருக்காரு, வர நேரமாகும். மேல இருக்கிறது எல்லாம் அவரு சொன்னபடியே எழுதிட்டேன், வாக்குக் கொடுத்தாச்சே. இனிமே நான் சொல்றது. அடுகோடில இவரு அட்டென்ஷன்ல ஒண்ணும் நிக்கல. அந்த நீலச் சேலைக்கார அம்மா பாவம், இவரு கண்ணு தெரியாம ரோட்டுல இறங்கப் போனதைப் பார்த்துக் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் பேக்கரில உக்கார வெச்சிருந்தாங்க. நான் போனப்ப தேங்கா வெச்ச தில்பசந்த் பன்னு தின்னுக்கிட்டே அந்தம்மாவுக்குப் பாலம் கட்டறது எப்படின்னு பாடம் எடுத்துட்டிருந்தாரு. கண்டுபிடிச்சதுலயும் ஒரு அதிசயமும் இல்லண்ணா. இவரு வேற சேலைக்குப் பின்னால போறதை நான் பஸ் ஜன்னல்லயே பார்த்துட்டேன், கத்தினேன், அதுக்குள்ள கண்டக்டர் விசில் அடிச்சு பஸ் கிளம்பிடுச்சு. கூட்டத்துல கதவுகிட்ட வர்றதுக்குள்ள நம்ம ஸ்டாப்பே வந்துடுச்சு.

இன்னொண்ணு. டாக்டரம்மா என்னைத் தனியா கூப்பிட்டுச் சொன்னது, இனிமே தள்ளிப் போட்டா பார்வைக்கே ஆபத்துன்னு. இவரு சர்டிபிகேட்டைத் தொடமாட்டேங்கறாரு, அது இல்லாம தேதி தரமாட்டேங்கறாங்க. அழுதாலும் கெஞ்சினாலும் இவருகிட்ட செல்லாது. அதான் கவுன்டர்ல அந்தப் பழைய கதையை இழுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன். மூஞ்சியைப் பார்த்தா சிரிச்சிடுவேனோன்னு பயம். சஹானாகிட்ட முந்தின நாளே சொல்லி வெச்சிருந்தேன், பேப்பர்படி மேடம் வரலன்னு சொல்லும்மான்னு. கேட்டுல நின்னதை எல்லாம் நான் எப்பவோ மறந்தாச்சு, இவருதான் மனசுல போட்டு வெச்சிருக்காரு, அதனால எடுத்தேன். பேர் ஏறினா என்ன, ஏறாட்டி என்ன. எனக்குத் தேதிதான் வேணும், கிடைச்சிடுச்சு.

அப்படித்தான் நினைச்சிட்டிருந்தேன். நேத்து அந்தக் கவரைப் பிரிச்சு, என் பேரு, கணவரைத் தேடி, ஏற்கப்பட்டதுன்னு படிச்சப்ப எனக்கு என்ன ஆச்சோ தெரியலண்ணா. அடுப்பை அணைச்சுட்டு அங்கேயே கீழ உக்காந்துட்டேன். ரொம்ப நேரம் கழிச்சுத்தான் இவரைக் கூப்பிட்டு வாசிச்சுக் காட்டினேன். இவருகிட்ட சொல்லிடாதீங்க, அப்புறம் பிடிக்க முடியாது.

வியாழக்கிழமை காலையில காரை எடுத்துட்டு அவசியம் வந்துடுங்க. கேட்டா, இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தோம்னு சொல்லுங்க. வரும்போது மைசூர்ல கண்ணாடி போட்ட ஃப்ரேம் ஒண்ணு நல்லதாப் பார்த்து வாங்கிட்டு வாங்கண்ணா. வீட்டுல இருக்கிற ஃப்ரேமெல்லாம் இவரோடது.